ரிவர்ஸ் அண்ணன் முதலாவதாக வராத கதை

நீலகிரி மலையில் இதுவரை ஸ்டியரிங் பிடித்தவர்களிலேயே அதிவேகமானவர் யார் என்று குன்னூர் பஜாரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ரிவர்ஸ் அண்ணன். சரி, அவர் எத்தனை ரேஸில் ஜெயித்தார் என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: ஒன்றுகூட இல்லை. இரண்டு பதிலையும் ஒரே ஆள், ஒரே மூச்சில், ஒரே பெருமையோடு சொல்வார். எங்கள் ஊர் வளைவுகளில் சுற்றாத வெளியூர்த் தலைகள்கூட இந்த இடத்தில் சுற்றிவிடும்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஆனால் ரேஷன் கடைக்காரரே "ரிவர்ஸ் அண்ணே, பாமாயில் வந்திருக்குதுங்க" என்றுதான் கூப்பிடுவார். திங்கள் முதல் சனி வரை அவர் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து லாரி டிரைவர். பறித்த தேயிலைக் கொழுந்தை மூட்டை மூட்டையாக பேக்டரிக்கு ஏற்றிப் போகும் லாரி அது. அப்போது அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் கொட்டாவி விடுவார்கள், அவ்வளவு நிதானம். ஞாயிற்றுக்கிழமை அதே ஆள் தன் காரில் உட்கார்ந்தால், பார்க்கிறவர்கள் வாயை மூட மறந்துவிடுவார்கள். இரண்டு விதத்திலும் ஊர் அவரைப் பார்த்து வாயைத் திறந்தபடிதான் இருந்தது.

பஜாரில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கடிகாரக் கடை இருக்கிறது அல்லவா, அது என்னுடையது. ஊருக்கு நான் வாட்ச் பாய். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கடுகு சைஸ் ஸ்க்ரூவைத் தேடுகிறவனுக்கும் கார் ரேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு நாள் ரிவர்ஸ் அண்ணன் கடைக்கு வந்து, நொடி காட்டுகிற கடிகாரம் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வேண்டும் என்றார்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. பத்திரமா கொண்டாந்து குடுங்க" என்றேன்.

"கடிகாரம் தனியா வந்தா பயப்படும்ங்க பாய். நீங்களும் கூட வாங்க."

இப்படித்தான் நான் நேவிகேட்டர் ஆனேன். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழியும் நேரமும் சொல்கிறவருக்கு அதுதான் பெயர். அப்போது அந்தப் பெயரே எனக்குத் தெரியாது. வழி சொல்கிற வேலையும் எனக்கு இல்லை. இந்த மலையின் வழிகளை அவருக்குச் சொல்ல வேண்டுமானால் மலையே வாய் திறந்தால்தான் உண்டு. எனக்கு இருந்தது இரண்டு வேலை. வலது கையில் கடிகாரம். இடது கையில் கதவு. வலப்பக்க வளைவு வரும்போதெல்லாம் என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்து, கீழே பள்ளத்தாக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று காட்டும்.

அந்தக் காருக்கு ஊர் வைத்த பெயர் கேரட். உடம்பு முழுக்க ஆரஞ்சு. கூரைக்குப் பெயிண்ட் போதாமல், பேக்டரி ஜன்னலுக்கு அடித்தது போக மிஞ்சிய பச்சையைப் பூசிவிட்டார். தூரத்தில் மலைச்சரிவில் வரும்போது, யாரோ ஊட்டி மார்க்கெட்டில் இருந்து ஒரு கேரட்டை உருட்டிவிட்ட மாதிரியே இருக்கும்.

அன்றைய ரேஸ் எப்படி நடக்கும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சொல்கிறேன். கார்களை ஒவ்வொன்றாக, இரண்டு நிமிட இடைவெளியில் விடுவார்கள். மேலே கிளம்பிக் கீழே வந்து சேர யாருக்குக் குறைந்த நேரம் ஆகிறதோ அவர் ஜெயித்தார். ரோட்டை மூடுவது என்றால் மேல் முனையில் ஒருவர், கீழ் முனையில் ஒருவர், ஆளுக்கு ஒரு சிவப்புத் துணி. நடுவில் எஸ்டேட்டுகளில் இருந்து வந்து சேரும் கிளை ரோடுகளைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கவலை முழுவதையும் ரிவர்ஸ் அண்ணன்தான் பட்டார்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். எங்கள் ஊர் வளைவுகளில் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் படிப்பார்கள். ரிவர்ஸ் அண்ணன் மட்டும் ரேஸ் நடுவிலும் படிப்பார்.

முதல் ரேஸிலேயே பார்த்துவிட்டேன். கோத்தகிரிப் பக்கம் ஓர் இறக்கம். கேரட் பறக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறேன், முன்னால் போனவர்களைவிட நாங்கள் வெகு வேகம். கப் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று நினைத்த அதே வளைவில், எதிரே மூச்சிரைத்துக்கொண்டு ஒரு கொழுந்து லாரி ஏறி வந்தது. ஒத்தை வண்டி போகிற ரோடு. அண்ணன் பிரேக் போட்டார். பிறகு, என் கண்ணை நானே நம்பவில்லை, ரிவர்ஸ் கியர் போட்டார். கழுத்தைத் திருப்பாமல், கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டு வளைவு பின்னாலேயே ஏறினார். ரோடு கொஞ்சம் அகலமான இடத்தில் ஒதுங்கி, இஞ்சினை வேறு அணைத்துவிட்டு, லாரி டிரைவரைப் பார்த்துக் கை காட்டினார்.

"வாங்க வாங்க, மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

"அண்ணே, அவசரம்ங்க" என்றேன் நான். "ரேஸ்ங்க."

"ரேஸ் நமக்குத்தானுங்களே பாய். அவருக்கு என்ன?"

பதினோரு நொடி வித்தியாசத்தில் தோற்றோம். ஆனால் அன்றைக்குப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: மற்றவர்கள் முன்னால் போன வேகத்தைவிட இவர் பின்னால் போன வேகம் அதிகம். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

அடுத்த ரேஸில் கல்யாண ஜீப். மாப்பிள்ளை வீட்டார் ஏறி வந்தார்கள். வழி விட்டதற்கு நன்றியாக ஜன்னல் வழியே ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். கையில் கடிகாரம், இன்னொரு கையில் கதவு. அண்ணன்தான் எனக்கு ஊட்டிவிட்டார். அதற்கடுத்த ரேஸில் பால் வண்டி. பிறகு ஒரு ரேஸில் கேரட் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி. அதற்கும் ரிவர்ஸ். தள்ளிக்கொண்டு வந்த மனிதருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"நான் ஓரமாவே போயிக்கிறேனுங்க, நீங்க போங்க" என்றார் அவர்.

"மொதல்ல ஏறுங்க. நின்னுட்டீங்கன்னா மறுபடி தள்ள முடியாது" என்றார் இவர்.

வண்டிகள் வருஷா வருஷம் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்து, ஒரு நாள் ஏறி வருகிற எறும்புக்கும் வழி விடுவார் என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள்.

இப்படித் தோற்றே வீடு நிறைய இரண்டாம் பரிசுக் கப். அவர் மனைவி செல்லம்மா அக்கா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். சின்ன வயதில் சிலோன் தோட்டத்தில் இருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். கப்புகளை அலமாரியில் வரிசையாக வைத்து, நடுவில் மட்டும் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். துடைக்கும்போது அந்தக் காலி இடத்தையும் சேர்த்துத் துடைப்பார்.

"அந்த எடம் எதுக்குங்கக்கா?" என்று கேட்டேன்.

"ஃபர்ஸ்ட் கப்புக்கு. இந்த மனுசன் சாகறதுக்குள்ள ஒண்ணாச்சும் கொண்டாருவாரு. வரும்போது எடமில்லன்னா என்னா செய்யிறது?"

எனக்கும் அந்தக் கப்பின் மேல் ஒரு கண் உண்டு. காரணம் வேறு. ரிவர்ஸ் அண்ணனுக்கு இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் கிடையாது. கியர் போடுகிற கை. மூன்று விரலால் அவர் கியர் மாற்றுவதைப் பார்த்து, வேகத்தின் ரகசியமே அதுதான் என்று நம்பியவர்கள் உண்டு. அந்த விரல்கள் எங்கே போயின என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார். போலீஸ்காரரிடம், கூடலூரில் ஒரு கரடிக்குக் கை கொடுத்தேன் என்றார். டூரிஸ்ட் ஒருவரிடம், ஊட்டிக் குளிரில் விறைத்து உதிர்ந்துவிட்டது என்றார். அந்த மனிதர் ஓடிப்போய் வீட்டில் எல்லோருக்கும் கையுறை வாங்கினார். டாக்டரிடம், "பொறக்கும்போதே மூணுதானுங்க, மீதிய எங்கண்ணன் எடுத்துட்டு பொறந்துட்டான்" என்றார். டாக்டர் அதை எழுதப் போய், பாதியில் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

என்னிடம் மட்டும் பொய் சொல்லவில்லை. "சொல்றேன் பாய். ஜெயிச்ச அன்னிக்குச் சொல்றேன்" என்றார்.

அவ்வளவுதான். அலமாரியில் ஓர் இடம் காலி, என் மண்டையில் ஓர் இடம் காலி. வருஷங்கள் ஓடின. கேரட் ஒரு ஷெட்டில் படுதா போர்த்திக்கொண்டு படுத்தது. அவர் லாரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். ஜனங்கள் போனிலேயே மணி பார்க்க ஆரம்பித்ததால் எனக்கும் பாதி ஓய்வு கிடைத்தது.

ரேஸ் மட்டும் ஓய்வு பெறவில்லை. அது வேறு ஆளாக மாறித் திரும்பி வந்தது. சில வருஷங்களாக எங்கள் பக்கத்து எஸ்டேட் ரோடுகளில் பெரிய கார் ராலி நடக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஃபிளாஸ்க்கில் டீயோடு போய்விடுவோம். எங்களைப்போல் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்கிற ஆட்களை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். நல்ல வேளையாக நித்யா என்று ஒரு பெண் இருந்தாள். ரேஸ் கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை. எல்லாவற்றுக்கும் சலிக்காமல் பதில் சொல்வாள்.

இப்போது டிரைவர்கள் முன்னதாகவே வந்து ரோட்டை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்களாம். ஒவ்வொரு வளைவுக்கும் அது எவ்வளவு திரும்புகிறது என்று ஓர் எண் கொடுத்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்களாம். ரேஸின்போது நேவிகேட்டர் அதை மந்திரம் மாதிரி வாசிக்க வேண்டும், டிரைவர் அதை நம்பி அழுத்த வேண்டும். ரிவர்ஸ் அண்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

"ஏனுங்க கண்ணு, நம்ம மாரியம்மன் கோயில் வளைவுக்கு எத்தனை போட்டிருக்காங்க?"

"மூணு, அங்கிள்."

"மூணுதானா. நல்ல வளைவாச்சே. அஞ்சு குடுத்திருக்கலாம்."

"அது மார்க் இல்லைங்க அங்கிள்" என்று அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த இரண்டு கேள்விக்கான விடையை மறந்துவிட்டாள்.

மெக்கானிக்குகள் நான்கு பேர் ஒரு காருக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தார்கள். கியர் பாக்ஸையே மாற்றிவிட்டார்களாம். அண்ணன் ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிய டீ இன்னும் ஆறவில்லை. "நம்ம காலத்து மெக்கானிக்கு டீ வந்தாத்தான் போல்ட்டைத் தேடவே ஆரம்பிப்பாரு" என்றார். பழைய காலம்தான் பொற்காலம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்ப்பார். "எவ்வளவு கண்டுபிடிச்சுட்டாங்க பாருங்க பாய்" என்பார். "ரோடைக்கூட நெசமாவே மூடறாங்க பாருங்க. ஒரு வண்டி ஏறாது." அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் ஏதோ மின்னியது.

எனக்கும் மின்னியது. ஒரு வண்டிகூட ஏறாது. அப்படியென்றால் இவர் யாருக்கு வழி விடுவார்?

போன வருஷம் அந்த ராலியில் பழைய கார்களுக்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தார்கள். செல்லம்மா அக்காதான் படுதாவை இழுத்துப் போட்டார். "அந்தக் காலி எடத்தைத் துடைச்சுத் துடைச்சு எனக்குத் தோள்பட்டை போச்சு. போயிட்டு வாங்க ரெண்டு பேரும்."

கேரட்டைப் பரிசோதிக்க வந்த இளைஞர் என் பக்கத்துக் கதவைத் திறந்தார். அதாவது, அவர் தொடுவதற்கு முன்பே அது திறந்தது.

"இது மூடாதா சார்?"

"பாய் புடிச்சுக்குவாருங்க" என்றார் அண்ணன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. புதுப் பூட்டு போட்டார்கள். உள்ளே இரும்புக் கூண்டு வைத்தார்கள். எங்களுக்குத் தீப்பிடிக்காத வெள்ளை உடுப்பு. கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு வெள்ளையாகப் போட்டதில்லை. ஹெல்மெட்டுக்குள் மைக்கும் ஸ்பீக்கரும். அதை மாட்டிக்கொண்டு நான் முதல் வார்த்தை பேசியதும் அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இத்தனை வருசமா கார்ல நீங்க பேசிட்டா வந்தீங்க பாய்?"

கிளம்பும் முன் நித்யா எல்லோரையும் கூட்டி விதிகளைச் சொன்னாள். ஒவ்வொரு காரிலும் ஒரு பெட்டி இருக்கும். கார் எங்கே போகிறது என்று கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். ஒரு பலகை கொடுப்பார்கள். நடுவில் நிற்க நேர்ந்தால், நலமாக இருந்தால் பச்சைப் பக்கத்தைக் காட்ட வேண்டும், அடிபட்டிருந்தால் சிவப்புப் பக்கம். கடைசியாக ஒன்றை இரண்டு தடவை சொன்னாள். "காட்டு மிருகம் ஏதாவது ரோட்டுக்கு வந்தா அங்கேயே நில்லுங்க. நீங்க நின்ன நேரத்தை நாங்க கழிச்சுடுவோம், உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனா எக்காரணம் கொண்டும் பின்னாடி போகாதீங்க. பின்னாடி அடுத்த வண்டி வரும். போனீங்கன்னா போட்டியிலிருந்து நீக்கிடுவாங்க."

நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் யாரோ ஒருவருடைய புதுக் காரின் அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். வந்ததும் அத்தனையையும் அவர் காதில் ஓதினேன். "சரிங்க பாய், சரிங்க பாய்" என்றார்.

மூன்று சுற்று. முதல் இரண்டு சுற்று முடிந்தபோது பழைய கார்களில் நாங்கள் முதலாவது. சும்மா இல்லை, நாற்பது நொடி முன்னால். கீழே பாறை மேல் குடை பிடித்தபடி செல்லம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். மூன்றாவது சுற்று தேயிலைக் காட்டு நடுவே இறக்கம். கேரட் பழைய மாதிரியே உருண்டது. என் இடது கை மட்டும் வேலை இல்லாமல் அடிக்கடி கதவைப் போய்த் தொட்டுப் பார்த்தது. ஒரு கொண்டை ஊசி வளைவு, இன்னொன்று, அதற்கடுத்து ஒன்று. அங்கே, ரோட்டின் நடுவில், ஏறி வந்துகொண்டிருந்தது ஒரு காட்டெருமை. கூடவே கன்று.

எங்கள் ஊரில் காட்டெருமை அதிசயமில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து போகும். அண்ணன் பிரேக் போட்டார். கார் நின்றது. காட்டெருமையும் நின்றது. ஒரு பக்கம் செங்குத்தான மண் சுவர், மறுபக்கம் பள்ளம். கன்று தாயின் காலுக்கு நடுவில் புகுந்துகொண்டது.

"நின்னா போதும்ங்கண்ணே" என்றேன் மைக்கில். "அப்படியே நில்லுங்க. நேரத்தைக் கழிச்சுடுவாங்க. கப் நம்முது. நின்னா மட்டும் போதும்."

"நின்னா அது எப்படிங்க பாய் ஏறும்?"

"அது திரும்பிப் போவும்ங்க."

"கன்னுக்குட்டி பாருங்க, கீழே இருந்து ஏறி வந்து எப்படி மூச்சு வாங்குது." ஒரு நொடி அந்தக் கன்றையே பார்த்தார். கியர் மேல் இருந்த மூன்று விரலும் அசைந்தன. "பாய், நீங்க எறங்கி ஓடுங்க. மேல் வளைவுல நின்னு போர்டைக் காட்டுங்க, பின்னாடி யாரும் வந்துரக் கூடாது. நீங்க போய்ச் சேந்தப்புறம் நான் வர்றேன்."

அலமாரி, காலி இடம், குடை, எனக்குச் சொல்லப்படாமலே போகப் போகிற விரல் கதை, எல்லாம் என் கண்ணில் வந்து போயின. அதற்குள் கால்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அறுபதைத் தாண்டிய ஒரு கடிகாரக்காரன், தலையில் ஹெல்மெட், உடம்பில் தீப்பிடிக்காத உடுப்பு, கையில் பலகை, ஏற்றத்தில் ஓடுகிறான். எனக்கு வழி விட யாரும் எதிரே வரவில்லை என்பதுதான் குறை. மேல் வளைவை அடைந்ததும் பலகையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன். பின்னாலேயே கேரட் ஒரு கோடு போட்டது மாதிரி ரிவர்ஸில் வந்து, தேயிலைச் செடிகளை உரசி ஒதுங்கி, இஞ்சினை அணைத்தது. காட்டெருமை எங்களைத் தாண்டும்போது ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்த்தது. அண்ணன் பழைய மாதிரியே கை காட்டினார்.

"மெதுவாப் போங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

பலகையில் நான் தூக்கிப் பிடித்தது சிவப்புப் பக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. தேயிலைக் காட்டு மேட்டில் நின்றிருந்த ராலிக் காவல் ஆள் அதைப் பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார். நாங்கள் மறுபடி ஏறி உட்கார்ந்து இரண்டு வளைவு இறங்கியிருப்போம். எதிரே, எங்களைக் காப்பாற்ற, சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் ஏறி வந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். இவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? ரிவர்ஸ் போட்டார்.

கட்டுப்பாட்டு அறையில் நடந்ததை நித்யா பிறகு சொன்னாள். எல்லாப் புள்ளிகளும் திரையில் கீழே இறங்க, ஆரஞ்சுப் புள்ளி ஒன்று மட்டும் மேலே ஏறியதாம். உடனே அடுத்த காரைக் கிளம்ப விடாமல் நிறுத்திவிட்டாள். பெட்டிதான் கெட்டுவிட்டது என்றார்கள் கூட இருந்தவர்கள். புள்ளி கீழே வந்தது. அப்பாடா என்றார்கள். மறுபடி மேலே ஏறியது. அப்போது அறையில் டீ கொண்டு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது. உள்ள இருக்கிறது ரிவர்ஸ் அண்ணன்" என்றாராம்.

நடுவர் நல்ல மனிதர். வருத்தத்தோடுதான் பேசினார். "நின்ன எடத்துல நின்னிருந்தா முதல் பரிசு உங்களுதுங்க, சார். விதிப்படி நீக்கித்தான் ஆகணும்."

"விதி சரிதானுங்களே" என்றார் அண்ணன். "பின்னாடி வண்டி வந்தா ஆபத்துதானே. நல்லா யோசிச்சு எழுதியிருக்காங்க." அதற்குப் பிறகு அந்தப் புள்ளி தெரிகிற திரையை ஒரு தரம் காட்ட முடியுமா என்று கேட்டார். நித்யா அதைத் திரும்ப ஓட்டிக் காட்டினாள். தன் புள்ளி பின்னால் போவதை அண்ணன் மூன்று தடவை பார்த்தார். "நேராத்தான் போயிருக்கேன் பாய்" என்றார் திருப்தியாக.

இரண்டாம் பரிசும் இல்லை. கையில் ஒரே ஒரு தாள். அதில் நீக்கியதற்கான காரணம் ஒரு வரியில் எழுதியிருந்தது: எதிர்த்திசையில் சென்றதற்காக.

அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மனசு ஆறவில்லை. "விரல் கதை இனி எனக்கு இல்லைங்கக்கா" என்றேன்.

செல்லம்மா அக்கா டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "அவரு சொல்லமாட்டாரு. நான் சொல்றேன். கொழுந்து லாரியில இவரு கிளீனரா இருந்தாரு அப்ப. நாங்க பதினோரு பேரு மூட்டை மேல ஏறி உக்காந்து, நாங்க குடியிருந்த லயத்துக்கு வந்துக்கிட்டிருந்தோம். ஏத்தம். எதுக்க ஒரு ரேஸ் காரு, பழகுறதுக்காகப் பறந்து வருது. ஒதுங்கல. நம்ம லாரி நடு ஏத்தத்துல நின்னுச்சு. நின்ன லாரி பின்னால உருள ஆரம்பிச்சிருச்சு. பின்னால பள்ளம். லாரி நின்னா சக்கரத்துக்குக் கட்டை போடுறது கிளீனர் வேலை. குதிச்சு ஓடிப் போயி போட்டாரு. கட்டையைப் போடத்தான் நேரமிருந்துச்சு. கையை எடுக்க நேரமில்ல."

அண்ணன் ஏதோ திருட்டில் பிடிபட்டவர் மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதினோரு பேருல ஒருத்தியைத்தான் கட்டிக்கிட்டாரு" என்றார் அக்கா. "மத்தப் பத்துப் பேரும் இன்னும் அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி பண்றாளுக."

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "அப்படி ஒரு ரேஸ் காராலதான விரல் போச்சு? அப்புறம் ஏனுங்கண்ணே நீங்களும் ரேஸ் ஓட்டப் போனீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அந்தக் காரு போன வேகம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க பாய். வழி விடாம போனதுதான் நல்லா இல்ல. ரெண்டையும் பிரிச்சு ஓட்ட முடியுமான்னு பாத்தேன்."

செல்லம்மா அக்கா எழுந்து, அந்தத் தாளை அவர் கையில் இருந்து வாங்கி, நான்கு மூலையையும் நீவி, அலமாரி நடுவில் காலியாக இருந்த இடத்தில் சாய்த்து வைத்தார். இரண்டு பக்கமும் கப்புகள், நடுவில் அந்த ஒரு வரி. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அக்கா அதையும் துடைக்கிறார்.

இந்த வருஷம் அண்ணனுக்குக் கண்ணில் புரை. டாக்டர் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் வீடு இருப்பது பள்ளத்தில். பஜாருக்கு வர ஒன்பது வளைவு ஏற வேண்டும், ஒத்தை வண்டி ரோடு. டாக்டரிடம் காட்ட மாதத்துக்கு ஒரு தடவை நான்தான் கேரட்டில் கூட்டி வருகிறேன். அவர் என் பழைய இடத்தில் உட்கார்ந்து, புதுப் பூட்டை நம்பாமல் கதவைப் பிடித்துக்கொள்கிறார். எதிரே இறங்கி வரும் ஜீப்காரர்களும் ஆட்டோக்காரர்களும் பச்சைக் கூரையைப் பார்த்ததும் ஒதுங்குகிறார்கள். சிலர் இரண்டு வளைவு பின்னால் போய்க்கூட நிற்கிறார்கள். அவருக்கு முகம் சரியாகத் தெரியாது. வண்டிச் சத்தத்தை வைத்து ஒவ்வொருவருக்கும் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுகிறார்.

"ஏன் பாய் இவ்வளவு மெதுவா ஏத்தறீங்க? ரெண்டாவது கியர்லயே வருமே" என்கிறார்.

வரும்தான். எனக்கும் தெரியும். எதிரே இன்னும் இரண்டு வண்டி வந்து, இவருக்காக ஒதுங்கி நிற்கட்டும் என்றுதான் மெதுவாக ஏற்றுகிறேன்.